ஏட்டில் ஏறாத ஆட்டம்

1953ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், சான் பிரான்சிஸ்கோ சர்வகலாசாலையின் கூடைப்பந்துக் கோஷ்டி, வளைகுடாவின் எதிர்க்கரையிலே பெர்க்லியில் இருக்கும் கலிபோர்னியா சர்வகலாசாலையின் கோஷ்டியோடு மோதிய பந்தயத்தில், அதுவரை எவரும் பொருட்படுத்தியிராத 19 வயது மாணவன் ஒருவன், எதிரிகள் கூடையை நோக்கி எறிந்த பந்துகளைப் 13 தடவை அந்தரத்திலேயே மறித்துத் தட்டிவிட்டான். பார்த்திருந்த ஜனங்கள் பிரமித்துப்போனார்கள்; அவனுடைய பயிற்சியாளருக்கு மட்டும் அது உவப்பாக இல்லை. ஆட்டத்தை இடையில் நிறுத்தி அவனை அழைத்து, தடுத்தாடுகிறவன் எக்காரணம் கொண்டும் தரையைவிட்டுக் காலை எடுக்கலாகாது என்ற சாஸ்திரத்தை எடுத்துரைத்து, எப்படி நிற்கவேண்டும் என்று செய்தும் காட்டினாராம். மாணவன் குருவாக்கியத்துக்குக் கட்டுப்பட்டுச் சற்றுநேரம் தரையிலேயே நின்றான். எதிரணியின் சென்டர் சாவகாசமாக அவனைக் கடந்துபோய்க் கூடைமேல் கூடையாகப் போட்டான். மாணவன் மறுபடியும் தாவத் தொடங்கிவிட்டான். அந்த மாணவன் பெயர் பில் ரஸ்ஸல். பயிற்சியாளர் பெயர் ஃபில் வுல்பர்ட். ரஸ்ஸல் பிற்காலத்தில் இந்த நிகழ்ச்சியைச் சொல்லும்போது அதில் கொஞ்சம் உப்பும் காரமும் சேர்த்திருக்கலாம். ஆனாலும் 51க்கு 33 என்ற கணக்கில் அவர்கள் அன்று ஜயித்தது ஏட்டில் இருக்கிறது.

வுல்பர்ட் ஓதிய சாஸ்திரத்தில் அர்த்தம் இல்லாமல் இல்லை. கையில் பந்தை வைத்திருப்பவன் எறிவதுபோலப் பாவனை காட்டுவான். தடுப்பவன் ஏமாந்து மேலே எழும்பினால், எழும்பினவனுக்குக் கீழே வந்து சேரும்வரை தன் உடம்பின்மேல் சுவாதீனம் கிடையாது. அந்த ஒரு கணத்தில் எதிராளி அவனைச் சுற்றிக்கொண்டு போய்விடுவான், அல்லது அவன்மேல் மோதி ஃபவுல் வாங்கிவிடுவான். ஆகையால் பாதம் பூமியிலே ஊன்றியிருக்க, கைகளை உயர்த்தி, எதிராளி போகிற வழியில் நெஞ்சை நிறுத்துவதே தடுப்பாட்டம் என்று ஒரு தலைமுறையே நம்பியிருந்தது. ரஸ்ஸல் செய்தது இந்த நம்பிக்கையை எதிர்த்து வாதாடியதல்ல. எதிராளி பாவனை காட்டும்போது பேசாமல் இருந்துவிட்டு, பந்து மெய்யாகவே அவன் கையை விட்டுப் பிரிந்தபிறகு கிளம்பி, அவனைவிட முன்னதாக உச்சிக்குப் போய்ச் சேர்ந்தார். அதற்கு வேண்டிய கால்கள் அவருக்கு இருந்தன. உயரந்தாண்டும் பந்தயங்களில் 6 அடி 9 அங்குலத்துக்குமேல் தாண்டியவர் அவர். வேறொருவருக்கும் அந்தக் கால்கள் இல்லாதிருந்தமையால்தான் சாஸ்திரம் அதுகாறும் பொய்க்காமல் இருந்தது.

நான் இதை விஸ்தாரமாகச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. இந்தச் சம்பவத்துக்குப் பிறகு வந்த இரண்டு பருவங்களில், 1954-55லும் 1955-56லும், சான் பிரான்சிஸ்கோ கோஷ்டி அமெரிக்க தேசத்துக் கலாசாலைகள் அனைத்திற்கும் சாம்பியனாக விளங்கிற்று. ஆடிய 58 பந்தயங்களில் ஒன்றே ஒன்றில்தான் தோற்றது. இந்த வெற்றிகளுக்கு மூலகாரணமாக இருந்த வித்தையோ, அக்காலத்து ஆட்டக் கணக்கேட்டில் இடமே பெறாத வித்தை. யார் எத்தனை கூடை போட்டார், யார் எத்தனை ஃபவுல் செய்தார், யார் எத்தனை ரீபவுண்ட் (கூடையில் விழாமல் துள்ளிவரும் பந்து) பிடித்தார் என்பதற்கெல்லாம் கட்டம் போட்டு எழுதினார்கள். போகவிருந்த பந்தைப் போகவிடாமல் மறித்ததற்குக் கட்டம் கிடையாது. கலாசாலை ஆட்டங்களில் இவ்வாறு மறித்த பந்துகளை, அதாவது பிளாக்குகளை, உத்தியோகபூர்வமாக எண்ணத் தொடங்கியது 1985-86ஆம் பருவத்தில். தொழில்முறை ஆட்டத்திலே 1973-74இல். ரஸ்ஸல் 1969லேயே ஆட்டத்தைவிட்டு ஓய்வு பெற்றுவிட்டார். மேலே 13 என்று சொன்னேனே, அதுவும் பத்திரிகைக்காரர்களும் பார்த்தவர்களும் எண்ணிச் சொன்ன கணக்குதான். மறித்த பந்துகள் மட்டுமல்ல, மறிப்பானோ என்ற பயத்தினால் எறியப்படாமலே போன பந்துகள் எத்தனை? அவற்றை எண்ணுவதற்கு இன்றைக்கும் வழியில்லை. எதிரிகள் பந்தயமொன்றுக்குச் சராசரி 52 புள்ளிகளுக்குமேல் எடுக்க முடியாமல் தவித்தார்கள் என்பதைக்கொண்டு ஒருவாறு ஊகிக்கலாம், அவ்வளவே.

அந்தக் கலாசாலை பெரிய கலாசாலை அல்ல. திருச்சிராப்பள்ளியில் சூசையப்பர் கல்லூரியையும் சென்னையில் லயோலாவையும் நிறுவி நடத்துகிற அதே சேசு சபையார், 1855இல் மணல்மேடும் மரக்கடைகளுமாக இருந்த சான் பிரான்சிஸ்கோவில் சிறு பள்ளிக்கூடமாக ஆரம்பித்தது அது. 1906ஆம் ஆண்டு பூகம்பத்தையொட்டி மூண்ட நெருப்பில் கட்டடமெல்லாம் வெந்துபோய், பின்னர் ஒரு குன்றின்மேல் மறுபடி எழுந்தது. மாதாகோயிலும் வகுப்பறைகளும் இருந்தன. கூடைப்பந்தாடச் சொந்தமாக ஓர் அரங்கம் இல்லை. பக்கத்திலிருந்த உயர்நிலைப் பள்ளியின் கூடத்தில் பயிற்சி செய்வார்கள். நகரசபைக்குச் சொந்தமான கேசார் அரங்கிலும், ஊருக்கு வெளியே கால்நடைக் கண்காட்சிக்காகக் கட்டப்பட்ட கௌ பேலஸ் என்ற பெருங்கொட்டகையிலும் பந்தயங்களை நடத்திக்கொள்வார்கள். வீடில்லாதவர்கள் என்று பத்திரிகைகள் அவர்களைப் பரிகாசமாகவும் பரிவோடும் குறிப்பிட்டதுண்டு. தேசத்து மகுடத்தை இரண்டு முறை சூடிக்கொண்டு வந்தபிறகுதான் ஊரார் பணம் சேர்த்துக் கொடுக்க, 1958இல் அவர்களுக்கென்று ஓர் ஆட்டக்கூடம் திறக்கப்பட்டது. அதற்குள் அந்த மகுடத்தை வென்றவர்கள் படித்து முடித்துப் போய்விட்டார்கள்.

இந்தக் கலாசாலையின் சரித்திரத்தில் கூடைப்பந்துக்கு முந்திய ஓர் அத்தியாயமும் இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் பின்னது விளங்காது. 1951இல் இதன் கால்பந்துக் கோஷ்டி (அமெரிக்கர்கள் கையில் ஏந்தி ஓடுகிற கால்பந்து) 9 பந்தயங்களிலும் ஜயித்தது. அத்தகைய கோஷ்டிகளைப் பருவ முடிவில் தென்மாநிலங்களில் நடக்கும் விசேஷப் பந்தயங்களுக்கு அழைப்பது வழக்கம். அதில் பணமும் வரும். ஆனால் கோஷ்டியில் ஆலி மாட்ஸன், பர்ல் டோலர் என்ற இரு கறுப்பர்கள் இருந்தார்கள். அவ்விருவரையும் விட்டுவிட்டு வந்தால் அழைப்பு உண்டு என்ற ஜாடை தெரிந்தபோது, மற்ற ஆட்டக்காரர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே மறுத்துவிட்டார்கள். அழைப்பு வரவில்லை, பணமும் வரவில்லை, நஷ்டத்தைத் தாங்கமாட்டாமல் கலாசாலை கால்பந்தையே கைவிட்டது. பர்ல் டோலர் பிற்காலத்தில் தொழில்முறைக் கால்பந்தில் முதல் கறுப்பின நடுவரானார் என்பது வேறு கதை. நான் கவனிக்கச் சொல்வது இதை: ரஸ்ஸல் அந்தக் குன்றின்மேல் ஏறிவந்தபோது, தோழர்களை விலையாகக் கொடுத்துப் பெருமை வாங்குவதில்லை என்ற சம்பிரதாயம் அங்கே ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தது.

வுல்பர்ட் மெலிந்த தேகமும் ஓயாத கவலையும் கொண்ட மனிதர். தமக்குமுன் பயிற்சியாளராயிருந்த பீட் நியூயெல் என்ற தம் பழைய கலாசாலைத் தோழரிடமிருந்து 1950இல் அந்தப் பொறுப்பை ஏற்றார். நியூயெல்லும் சாமானியர் அல்லர். 1949இல் நியூயார்க்கில் நடந்த அழைப்புப் போட்டியில் இதே கலாசாலைக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர். இருவரும் தடுப்பாட்ட பக்தர்கள். எதிராளியை அவனுடைய கூடையருகிலேயே போய் நெருக்கி, பந்தைத் தாராளமாகக் கொண்டுவர விடாமல் அலைக்கழிப்பதே அவர்கள் முறை. இரண்டு பருவங்களின் முடிவிலும் அந்த ஆண்டின் தலைசிறந்த பயிற்சியாளர் என்ற கௌரவம் வுல்பர்ட்டுக்குக் கிடைத்தது. கூடவே வசைக் கடிதங்களும் கிடைத்தன. ரஸ்ஸலோடும் கே.சி. ஜோன்ஸோடும் ஹால் பெர்ரியையும் சேர்த்து, தொடக்க ஐவரில் மூவர் கறுப்பராக அவர் களத்தில் இறக்கினார். பெரிய கலாசாலைகளில் ஒருவர், மிஞ்சினால் இருவர் என்று சொல்லாமல் சொல்லியிருந்த வரம்பை அது மீறிற்று. வுல்பர்ட் இதைப்பற்றிப் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. ஜயிக்கக்கூடிய ஐவரை நிறுத்தினார். சில ஆண்டுகளில் இந்தத் தொழிலின் பளு அவரை வாட்டிவிட்டது. 1959இல் அவர் அந்தக் கலாசாலையை விட்டார். பின்னர் வேறிடங்களில் சிலகாலம் பயிற்சி கொடுத்துவிட்டு, கடைசியில் வாஷிங்டன் மாநிலத்தில் செக்விம் என்ற சிற்றூருக்குப் போய்ப் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டினார். இதை ஒரு வீழ்ச்சியாக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தூக்கத்தைக் கெடுத்த வேலையை விட்டுத் தூக்கம் வருகிற வேலைக்குப் போனவரைப் பார்த்து நாம் பச்சாத்தாபப்படுவது நம்முடைய பேராசையைக் காட்டுகிறதேயன்றி அவருடைய துர்ப்பாக்கியத்தைக் காட்டவில்லை.

ரஸ்ஸல் பிறந்தது லூயிஸியானா மாநிலத்தில் மன்றோ என்ற ஊரில், 1934இல். அந்தப் பிரதேசத்தில் கறுப்பனாகப் பிறந்தவன் தலைநிமிர்ந்து நடப்பதே அபராதம். தகப்பனார் குடும்பத்தோடு கலிபோர்னியாவில் ஓக்லண்டுக்குப் பெயர்ந்து வந்தார். பிள்ளைக்கு 12 வயதாயிருக்கையில் தாயார் காலமானார். மக்கிளைமண்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியில், இளையோர் கோஷ்டியிலேகூட இவன் தேறுவானா என்று சந்தேகம். கோஷ்டியில் 15 சட்டைகள்தாம் இருந்தன, பையன்களோ 16 பேர். ஆகவே கடைசிச் சட்டையை இவனும் இன்னொரு பையனும் முறைவைத்து அணிந்தார்கள். ஒரு பந்தயத்துக்கு இவன், அடுத்ததற்கு அவன். இந்தப் பையனைச் சான் பிரான்சிஸ்கோ சர்வகலாசாலையின் பழைய ஆட்டக்காரர் ஒருவர் தற்செயலாகப் பார்த்து, பந்து போடத் தெரியாவிட்டாலும் இவனிடம் என்னவோ இருக்கிறதென்று சிபாரிசு செய்தார். உபகாரச் சம்பளத்தோடு இவனை அழைத்த கலாசாலை அது ஒன்றுதான்.

அங்கே அவனுக்கு அறைத்தோழனாக வாய்த்தவர் கே.சி. ஜோன்ஸ். ஆறடிக்கு ஓர் அங்குலம் கூடுதலான உயரம். டெக்ஸாஸில் பிறந்து சான் பிரான்சிஸ்கோவில் வளர்ந்தவர். பேச்சு என்பதே அவருக்கு அதிகச் செலவு. ரஸ்ஸல் அறைக்கு வந்த ஆரம்ப நாட்களில் ஜோன்ஸ் அவரோடு ஏறக்குறைய ஒன்றுமே பேசவில்லையாம். பின்னர் ஒருநாள் வாய் திறந்தார், திறந்தபின் மூடவில்லை, ஆனால் பேசியதெல்லாம் கூடைப்பந்தைப் பற்றித்தான். சினிமாவும் பெண்களும் பேசவேண்டிய வயதில் இந்த இரண்டு பிள்ளைகளும் படுக்கையில் மல்லாந்து கிடந்துகொண்டு கோணங்களைப் பற்றித் தர்க்கம் செய்தார்கள். எதிராளி எந்த இடத்திலிருந்து எறிந்தால் பந்து வளையத்தில் பட்டு எந்தப் பக்கம் துள்ளும். அவனை வலதுபுறம் விரட்டினால் அவனுக்கு எத்தனை வழி மிஞ்சும். ஒருவன் விட்ட இடத்தை மற்றவன் எத்தனை அடியில் போய் அடைக்கலாம். ஆட்டத்தை க்ஷேத்திர கணிதமாகப் பார்க்கும் பார்வை ஜோன்ஸிடமிருந்துதான் தமக்கு வந்தது என்று ரஸ்ஸல் பிற்காலத்தில் நன்றியோடு சொல்லியிருக்கிறார்.

ரஸ்ஸலுக்கு அதற்கு முன்னரே இன்னொரு பழக்கம் கைவந்திருந்தது. உயர்நிலைப் பள்ளியை முடித்த சமயத்தில் ஒரு பையன்கள் கோஷ்டியோடு பஸ்ஸில் வடமேற்குப் பிரதேசத்தில் ஊர்ஊராகப் போய் ஆடினார். தோழன் ஒருவன் பந்தோடு போகும் அசைவை உற்றுப் பார்ப்பார். பஸ்ஸில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு, அதே அசைவை மனத்துக்குள் ஓடவிடுவார். எங்கேயாவது உரு கலைந்தால் மறுபடி முதலிலிருந்து. அப்படி ஓடவிடுகையில் ஒருநாள், அந்தத் தோழனுக்கு எதிரே தாமே நின்று, அவன் செய்வதை எல்லாம் கண்ணாடிப் பிம்பம் போலத் திருப்பிச் செய்தால் அவனால் தம்மைக் கடக்க முடியாது என்று கண்டுகொண்டார். அவருடைய தடுப்பாட்டம் முழுவதும் இந்தத் தரிசனத்தின் விரிவுரை என்று சொல்லலாம். பலசாலிகளான மற்ற சென்டர்கள் எதிராளியின் பந்தைக் கண்டால் ஜனக்கூட்டத்துக்குள் போய் விழும்படி ஓங்கி அடிப்பார்கள். பார்க்க ஆரவாரமாக இருக்கும். ஆனால் பந்து மறுபடியும் எதிராளிக்கே போகும். ரஸ்ஸல் விரல் நுனியால் லேசாகத் தட்டுவார். பந்து களத்துக்குள்ளேயே, பெரும்பாலும் ஜோன்ஸ் ஓடிவருகிற திசையில் விழும். அடுத்த மூச்சில் அது எதிர்க் கூடைக்குப் பயணமாகியிருக்கும். தடுத்ததும் தாக்கியதும் ஒரே அசைவாக முடிந்துவிடும். நான் இதைப் பழைய சலனப்படத் துண்டுகளில் பார்த்திருக்கிறேன். கறுப்பும் வெள்ளையுமாக, மங்கலாக, நடுவே அறுந்து அறுந்து ஓடுகிற படம். ஆனாலும் அந்தத் தட்டலில் இருக்கிற நிதானம் தெளிவாகத் தெரிகிறது.

1954-55ஆம் பருவத்தின் மூன்றாவது பந்தயத்தில், லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில், ஜான் வுடன் பயிற்றுவித்த யூ.ஸி.எல்.ஏ. கோஷ்டியிடம் 47க்கு 40 என்று தோற்றார்கள். சில நாட்கள் கழித்து அதே கோஷ்டியைத் தங்கள் ஊரில் வென்றார்கள். அதற்குப் பிறகு இரண்டு வருஷகாலம் அவர்களை ஜயித்தவர் எவருமில்லை.

1954 டிசம்பரிலேயே ஒக்லஹோமா நகரில் கலாசாலைகளுக்கான போட்டியொன்று நடந்தது. கோஷ்டி போய் இறங்கியபோது நகரத்து ஹோட்டல்களில் வெள்ளையருக்கு மட்டுமே அறை என்றார்கள். வெள்ளையர்களை ஹோட்டலில் அமர்த்திவிட்டு மற்றவர்களுக்கு வேறு ஏற்பாடு செய்வதுதான் அக்காலத்து நடைமுறை. அப்படிச் செய்த கலாசாலைகள் அதை ஒரு குறையாகவே நினைத்ததில்லை. இவர்கள் அதற்கு இணங்கவில்லை. கிறிஸ்துமஸ் விடுமுறைக்காகக் காலியாகக் கிடந்த ஒரு கல்லூரி விடுதியில் எல்லாரும் ஒன்றாகத் தங்கினார்கள். மாணவர்கள் ஊருக்குப் போய்விட்ட விடுதி எப்படியிருக்கும் என்பது விடுதியில் இருந்து படித்தவர்களுக்குத் தெரியும்: சுருட்டிவைத்த மெத்தைகள், எதிரொலிக்கிற தாழ்வாரம், அடுப்பணைந்த சமையற்கட்டு. அவர்கள் பிற்காலத்தில் சந்தித்தபோதெல்லாம், தாங்கள் ஒரு கோஷ்டியாக ஆனது அந்த விடுதியில்தான் என்று பேசிக்கொண்டதில் ஆச்சரியமில்லை. களத்தில் இறங்கிப் பயிற்சி செய்கையில் அரங்கிலிருந்தவர்களில் சிலர் கேலிக்கூச்சல் போட்டு, காசுகளை எடுத்து வீசினார்கள். ரஸ்ஸல் குனிந்து காசுகளைப் பொறுக்கி, வுல்பர்ட்டிடம் கொண்டுபோய் இதைக் கொஞ்சம் வைத்திருங்கள் என்று கொடுத்தாராம். இந்தச் செய்கையை நகைச்சுவை என்று சொல்கிறவர்கள் ரஸ்ஸலின் ஜீவிதத்தைச் சரியாகப் படிக்காதவர்கள். அவமானத்தை அந்தரத்தில் மறித்து, கூட்டத்துக்குள் திருப்பி அடிக்காமல், களத்துக்குள்ளேயே விழவைத்தார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. போட்டியை ஜயித்துக் கோப்பையோடு திரும்பினார்கள்.

மார்ச் மாதத்துத் தேசியப் போட்டியில் அவர்களுக்கு நேர்ந்த ஒரே கண்டம் ஆரிகன் மாநிலக் கலாசாலையோடு நடந்த பந்தயம். 7 அடி 3 அங்குல உயரமுள்ள ஒருவன் எதிரணியில் இருந்தான். பந்தயமும் அவர்களுடைய சொந்த ஊரான கார்வாலிஸில். 57க்கு 56 என்று, ஒரே ஒரு புள்ளியில் பிழைத்தார்கள். கடைசி வினாடிகளில் ஆரிகன் வீரன் எறிந்த பந்து வளையத்துக்குள் இறங்கியிருக்குமானால் இன்று இந்தக் கோஷ்டியைப்பற்றி எழுதுவார் எவருமிலர். பெருவெற்றிகளின் நடுவே இப்படி ஒரு நூலிழை எப்போதும் இருக்கிறது, வெற்றி பெற்றவர்கள் அதைச் சீக்கிரம் மறந்துவிடுகிறார்கள்.

இறுதிப் பந்தயம் 1955 மார்ச் 19ஆம் தேதி கான்ஸஸ் ஸிட்டி நகரில். எதிரே முந்திய வருஷத்துச் சாம்பியனாகிய ஃபிலடெல்ஃபியாவின் லா ஸால் கலாசாலை. அதன் நாயகன் டாம் கோலா, 6 அடி 6 அங்குலம், எந்த இடத்திலும் ஆடவல்ல சகலகலாவல்லவர். ரஸ்ஸலுக்கும் கோலாவுக்கும் துவந்த யுத்தம் நடக்கப்போகிறது என்று பத்திரிகைகள் ஒரு வாரமாக முரசறைந்திருந்தன. வுல்பர்ட் கோலாவைத் தடுக்க ஜோன்ஸை அனுப்பினார். ஐந்து அங்குலம் குள்ளமானவர் அவனோடு எப்படிச் சமாளிப்பார் என்று அரங்கமே வியந்தது. யுக்தி எளியது: ரஸ்ஸல் கோலாவின் பின்னால் களமெங்கும் அலைந்தால் கூடையடி காலியாகிவிடும், ஜோன்ஸ் அவனை ஒட்டிக்கொண்டே திரிந்தால் ரஸ்ஸல் கூடையடியில் நின்று மற்ற நால்வருக்கும் காவலாக இருக்கலாம், ஜோன்ஸைத் தாண்டிக் கோலா வந்தாலும் வருவது ரஸ்ஸலிடம்தான். அறையில் மல்லாந்து கிடந்து பேசிய கணிதமெல்லாம் அந்த 40 நிமிஷங்களில் உருவெடுத்தது. கோலாவுக்குக் கிடைத்தது 16 புள்ளிகள். அவரைத் தடுக்கப் போன ஜோன்ஸோ 24 புள்ளிகள் எடுத்தார். ரஸ்ஸலுக்கு 23 புள்ளிகளும் 25 ரீபவுண்டுகளும். முடிவு 77க்கு 63. கலாசாலை தோன்றி நூறாவது ஆண்டு அது.

இத்தனைக்கும் பிறகு, வடகலிபோர்னியாவின் அந்த ஆண்டுச் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதைப் பக்கத்துச் சாந்தா கிளாரா கலாசாலையின் வெள்ளையர் ஒருவருக்குக் கொடுத்தார்கள். தேசமே ஒப்புக்கொண்டதைச் சொந்த ஊர் ஒப்புக்கொள்ளவில்லை. ரஸ்ஸல் இதை ஆயுள் முழுவதும் மறக்கவில்லை. தனிப்பட்டவர்களுக்குக் கொடுக்கும் விருதுகளில் அவருக்கு அன்றோடு நம்பிக்கை போயிற்று. எவரோ சிலர் ஓட்டுப் போட்டுத் தரவேண்டிய கௌரவத்தை வேண்டாமென்று ஒதுக்கி, ஆட்டத்தின் முடிவில் பலகையில் தெரிகிற எண்ணை மட்டுமே கௌரவமாகக் கொண்டார். பாஸ்டன் ஸெல்டிக்ஸ் என்ற தொழில்முறைக் கோஷ்டியில் அவர் ஆடிய 13 பருவங்களில் 11 தடவை அந்தக் கோஷ்டி சாம்பியன் ஆனதற்குப் பலர் பல காரணங்கள் சொல்லுவார்கள். இந்த விருதுக் கதையையும் அவற்றோடு சேர்க்கவேண்டும்.

அடுத்த பருவத்தைப்பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 29 பந்தயங்கள், 29 ஜயங்கள். தோல்வியே இன்றித் தேசியப் பட்டம் வென்ற முதல் கோஷ்டி இதுதான். இடைவிடாத ஜயத்தைப் படிப்பது, மேடுபள்ளமில்லாத பாட்டையில் வண்டியோட்டுவது போலச் சீக்கிரத்தில் அலுப்பூட்டிவிடுகிறது. அலுப்பைக் கலைக்கிற விஷயம் ஒன்று உண்டு. 1953ஆம் ஆண்டு தொடங்கிய பருவத்தின் முதல் பந்தயத்தை ஆடிய கையோடு, ஜோன்ஸுக்குக் குடல்வால் வெடித்து உயிருக்கே ஆபத்தாகி, அந்தப் பருவம் முழுவதும் அவர் ஆடவில்லை. அதற்கு ஈடாக இன்னொரு பருவம் ஆட அவருக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் தேசியப் போட்டியை நடத்துகிற சங்கத்தின் விதியோ, ஒரே பந்தயமானாலும் அதையும் ஒரு பருவமாக எண்ணிற்று. ஆகவே 1956ஆம் ஆண்டு வழக்கமான பந்தயங்களில் எல்லாம் ஆடி, தோல்வியில்லாத அந்த வரலாற்றைச் சமைத்தவர்களுள் முதல்வராக இருந்த ஜோன்ஸ், தேசியப் போட்டியின் நான்கு பந்தயங்களையும் வெளியில் உட்கார்ந்து பார்த்தார். கணக்கேடு எதை எண்ணவேண்டுமோ அதை எண்ணாமல் விட்டது. எண்ணத் தேவையில்லாத ஓர் ஆட்டத்தைக் கருத்தாக எண்ணிவைத்தது.

அவருடைய ஸ்தானத்தில் ஜீன் பிரௌன் ஆடினார். எவன்ஸ்டன் நகரத்து அரங்கில் நடந்த இறுதிப் பந்தயத்தில் ஐயோவா கோஷ்டி 15க்கு 4 என்று முந்திக்கொண்டபோது, ஜோன்ஸ் இல்லாத குறை இப்போது தெரிகிறதென்று பலரும் எண்ணியிருப்பார்கள். இடைவேளைக்குள் நிலைமை நேராகிவிட்டது. முடிவு 83க்கு 71. ரஸ்ஸலுக்கு 26 புள்ளிகளும் 27 ரீபவுண்டுகளும்.

அதற்குள் விதிகளை வகுக்கிற பெரியவர்கள் யோசனையில் ஆழ்ந்திருந்தார்கள். கூடைக்கு முன்னே தரையில் ஒரு கட்டம் வரையப்பட்டிருக்கும். தாக்குகிற கட்சியைச் சேர்ந்தவன் அதற்குள் மூன்று வினாடிகளுக்குமேல் நிற்கக்கூடாது. 6 அடி அகலமாயிருந்த அந்தக் கட்டத்தை, 1956-57ஆம் பருவத்திலிருந்து 12 அடியாக்கினார்கள். ரஸ்ஸல் படித்து முடித்துப் போய்விட்ட பிறகு ரஸ்ஸல் விதி வந்தது! கூடையருகில் நின்று தோழர்கள் தவறவிட்ட பந்தை அவர் வளையத்துக்குள் தள்ளிவிடுவதைத்தான் இது தடுக்க நினைத்தது. அவருடைய உண்மையான பலமாகிய தடுப்பாட்டத்தை அது தொடவேயில்லை, தொட்டிருக்கவும் முடியாது. கணக்கேட்டில் கட்டம் இல்லாத காரியத்துக்கு எதிராகத் தரையில் எப்படிக் கட்டம் போடுவது?

1956ஆம் வருஷக் கடைசியில் ரஸ்ஸலும் ஜோன்ஸும் மெல்போர்னில் ஒலிம்பிக் பந்தயங்களில் ஒரே கோஷ்டியாக ஆடி, இறுதியாட்டத்தில் ஸோவியத் யூனியனை 89க்கு 55 என்று வென்று தங்கப் பதக்கம் பெற்றார்கள். அவர்கள் விட்டுப்போன கலாசாலையின் ஜயவரிசை 60வரை நீண்டு, அதே டிசம்பரில் இல்லினாய் சர்வகலாசாலையிடம் 62க்கு 33 என்ற படுதோல்வியில் அறுந்தது. 33 புள்ளிகள் என்பது பரிதாபமான எண். ரஸ்ஸல் போனார், எல்லாம் போயிற்று என்று எழுதுவதற்கு இதைவிட வசதியான சாட்சி பத்திரிகைகளுக்கு வேண்டியதில்லை, எழுதினார்கள்.

நான் அந்தப் பருவத்தை இங்கே நிறுத்திவிடாமல் மார்ச் மாதம்வரை தொடர்ந்து படிக்கவேண்டும் என்பேன். ஒட்டியே உறங்கி, ஒட்டியே ஆடிய இருவரையும் இழந்து, அகலமாக்கப்பட்ட கட்டத்தின் முன்னே நின்று, மைக் ஃபார்மரும் ஜீன் பிரௌனும் புதியவர்களும் சேர்ந்த அந்தக் கோஷ்டி, 1957ஆம் ஆண்டுத் தேசியப் போட்டியில் மறுபடியும் கடைசி நான்கு கோஷ்டிகளுள் ஒன்றாக வந்து நின்றது. வில்ட் சேம்பர்லேன் என்ற மலையைத் தாங்கிய கான்ஸஸ் கோஷ்டி அவர்களை 80க்கு 56 என்று சாய்த்தது உண்மை. மறுநாள் அவர்கள் மிச்சிகன் மாநிலக் கலாசாலையை 67க்கு 60 என்று வென்று மூன்றாம் ஸ்தானத்தைப் பெற்றார்கள். முதல் இரண்டு ஆண்டுகளின் மகுடத்தை ரஸ்ஸலுக்கு எழுதிவைத்தவர்கள் இந்த மூன்றாம் ஸ்தானத்தை யார் பெயரில் எழுதுவது என்று தெரியாமல், பெரும்பாலும் எழுதாமலே விட்டுவிட்டார்கள். அது வுல்பர்ட் பெயரிலும், ஒக்லஹோமாவில் சுருட்டிவைத்த மெத்தைகளை விரித்துப் படுத்த அந்தப் பையன்கள் பெயரிலும் எழுதப்படவேண்டியது என்பது என் அபிப்பிராயம்.